ஹைடல்பெர்க் மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன இதழ்ல வந்த ஜெர்மனி பயணக் கட்டுரையை முழுசா படிச்சேன், நல்லா எழுதியிருந்தாங்க. ஆனா பழைய யுனிவர்சிட்டி ஊர் ஒண்ணு பார்க்கணும்னா ஹைடல்பெர்க் போயிட்டு வந்தா போதும்னு முடிச்சிருந்தாங்களே, அதை மட்டும் என்னால ஏத்துக்க முடியல. பிள்ளைங்க ஸ்டட்கார்ட் பக்கம் வேலை பார்க்குறாங்கன்னு நம்ம ஊர்லேர்ந்து போற அப்பா அம்மாங்க இப்ப நிறைய பேர், பிள்ளைங்களுக்கு லீவு கிடைக்கிறதே சனி ஞாயிறுதான், அதுல ஒரு நாளை எந்த ஊருக்குக் கொடுக்கிறதுன்னு யோசிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். ஹைடல்பெர்க், அதே மாதிரி இன்னொரு பழைய யுனிவர்சிட்டி ஊரான ட்யூபிங்கன், நான் ரெண்டு ஊரையும் பார்த்தவ. ஒண்ணுதான் முடியும்னா ட்யூபிங்கன் போங்க.

ஹைடல்பெர்க்கை குறைச்சு சொல்லல. 1386ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, இன்னைய ஜெர்மனியிலயே பழசு அதுதான். மலை மேல அந்த இடிஞ்ச கோட்டை, பிரெஞ்சுப் படை 1689லயும் 1693லயும் நாசம் பண்ணி, மிச்சம் இருந்ததுல 1764ல இடி விழுந்து, அப்படியே நிக்குது. உள்ள ரெண்டு லட்சம் லிட்டருக்கு மேல ஒயின் பிடிக்கிற மரப்பீப்பாய் இருக்கு. தப்பு பண்ண மாணவர்களை அடைச்சு வெச்ச யுனிவர்சிட்டி ஜெயிலும் இருக்கு, சுவர் முழுக்க பசங்க வரைஞ்ச படம், 1914 வரைக்கும் அதை உபயோகிச்சிருக்காங்க. பார்க்க வேண்டியதுதான். ஆனா அந்த மெயின் ரோட்டுல நடக்கும்போது முக்கால்வாசி நம்மள மாதிரி சுத்திப் பார்க்க வந்த கூட்டம்தான், படிக்கிற பசங்களை தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

ட்யூபிங்கன்ல அப்படி இல்ல. 1477ல ஆரம்பிச்ச யுனிவர்சிட்டி, ஊர் ஜனத்துல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தர் மாணவர், எந்த சந்துல திரும்பினாலும் சைக்கிளும் புத்தகமும்தான். ரெண்டு ஊரும் ஒரே நெக்கார் ஆத்தங்கரைதான், இது ஆத்தோட மேல்பக்கம், ஹைடல்பெர்க் கீழ்ப்பக்கம்.

நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் நடத்தினவ, அதனால எனக்கு அங்க முக்கியம் கோட்டைதான். டிஎன்ஏ பாடம்னா நாம எல்லாருமே அதோட வடிவத்தைக் கண்டுபிடிச்ச வாட்சன், கிரிக், 1953ன்னுதான் ஆரம்பிப்போம். அதுக்கு எண்பது வருஷத்துக்கும் முன்னாடியே, 1869ல, ஃப்ரீட்ரிக் மீஷர்னு ஒரு சுவிஸ் பையன், அப்ப இருபத்தஞ்சு வயசு கூட ஆகல, அந்த ட்யூபிங்கன் கோட்டையோட பழைய சமையல்கட்டுலதான் டிஎன்ஏவை முதன்முதலா பிரிச்சு எடுத்தான். அந்த சமையல்கட்டைத்தான் அப்ப லேபா மாத்தி வெச்சிருந்தாங்க. ஆஸ்பத்திரியில புண்ணுக்குக் கட்டின கட்டுத்துணியை வாங்கிட்டு வந்து, அதுல இருந்த சீழைக் கழுவி, வெள்ளை அணுக்களை எடுத்து, அதோட உட்கருவைத் தனியா பிரிச்சு, அதுக்குள்ள இருக்கிறது புரதம் இல்ல, பாஸ்பரஸ் நிறைய இருக்கிற வேற ஏதோ ஒண்ணுன்னு கண்டுபிடிச்சு நியூக்ளியின்னு பேர் வெச்சான், அதுதான் நாம இப்ப சொல்ற டிஎன்ஏ. அவனோட பேராசிரியர் ஹோப்பே சைலர் சுலபத்துல நம்பல, தானே திரும்ப செஞ்சு பார்த்துட்டுத்தான் 1871ல அச்சுக்கு விட்டார். அந்த அறை இன்னைக்கு மியூசியம். கனமான சுவர், வளைஞ்ச கூரை, அவ்வளவுதான் இடம். நீட்டுக்கு படிக்கிற பேரப்பிள்ளை இருந்தா கட்டாயம் கூட்டிட்டுப் போங்க, வகுப்புல நான் எத்தனை தடவை சொல்லியிருந்தாலும் அந்த அறையில நின்னு கேட்கிற மாதிரி வராது.

அதே கோட்டையில தெற்கு ஜெர்மனியில வோகல்ஹெர்ட்ங்கிற குகையில எடுத்த, தந்தத்துல செதுக்கின குட்டிக் குதிரை பொம்மையும் வெச்சிருக்காங்க. சுமார் 40,000 வருஷம் பழசு, அஞ்சு சென்டிமீட்டர் கூட இருக்காது, கழுத்தை வளைச்சிருக்கிற அழகை இன்னைக்கும் சொல்லி மாளல.

கீழ ஆத்தோரம் மஞ்சள் கோபுரம். கவிஞர் ஹோல்டர்லின் மனநிலை பாதிச்ச பிறகு 1807லேர்ந்து 1843ல சாகுற வரைக்கும், முப்பத்தாறு வருஷம், அங்கதான் இருந்தார். அவரைப் பார்த்துக்கிட்டது ஒரு தச்சர் குடும்பம், சொந்தக்காரங்க கூட இல்ல. பக்கத்துலயே அவர் சின்ன வயசுல, பின்னால பெரிய தத்துவஞானிகளான ஹெகலோடயும் ஷெல்லிங்கோடயும் ஒரே ரூம்ல தங்கிப் படிச்ச விடுதியும் இருக்கு, வானியல் விஞ்ஞானி கெப்ளரும் அங்கதான் படிச்சார். இவ்வளவும் ஒரு மணி நேரம் நடந்தா முடிஞ்சிடும்.

முட்டி வலி இருக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், ட்யூபிங்கன் கோட்டைக்கு கல்லு பாவின ஏத்தத்துல நடந்துதான் போகணும். ஹைடல்பெர்க்ல கோட்டைக்கு கேபிள் ரயில் இருக்கு, அந்த விஷயத்துல அதுதான் சௌகரியம். ஆனா ட்யூபிங்கன்ல ஸ்டேஷன்லேர்ந்து பழைய ஊருக்கு பொடிநடையா போயிடலாம், ஹைடல்பெர்க்ல பஸ்ஸோ டிராமோ பிடிக்கணும். ஸ்டட்கார்ட்லேர்ந்து சாதாரண ரயில்லயே ஒரு மணி நேரத்துக்குள்ள ட்யூபிங்கன் வந்துடும், ஜெர்மனி டிக்கெட்னு சாதாரண ரயில், பஸ்ஸுக்கான மாசாந்திர பாஸ் இருக்கே, அதை வெச்சிருந்தா தனியா காசு கிடையாது. பிராங்பர்ட்ல தங்குறவங்களுக்கு மட்டும் ஹைடல்பெர்க்தான் பக்கம், அவங்க அங்கயே போகட்டும்.

அடுத்த தடவை ஜெர்மனி பத்தி எழுதும்போது ட்யூபிங்கனுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்க. கோட்டை மியூசியம் வாரத்துல எல்லா நாளும் திறந்திருக்காது, எந்தெந்த நாள்னு கேட்டு அதையும் சேர்த்துப் போட்டீங்கன்னா போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தஞ்சாவூர்