கரண்டிக் கணக்கு

ஆசிரியருக்கு,

தாய்ப்பால் வாரத்தையொட்டி (ஓகஸ்ட் 1–7) தங்கள் பத்திரிகையில் வந்த ஆசிரியர் தலையங்கம் வாசித்தேன். தாய்ப்பாலின் நோயெதிர்ப்புச் சக்தி பிள்ளையை வயிற்றோட்டத்திலிருந்து காக்கும் என்று எழுதியிருந்தது சரிதான். ஆனால் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால்மாவின் ஆபத்து டின்னுக்குள் இருப்பதைவிட, அதைக் கரைக்கும் அடுப்படியில்தான் அதிகம். கொதித்த நீர், அவித்த போத்தல், அளவான கரண்டி: ஒன்று பிசகினாலும் பிள்ளைக்குத்தான் கேடு. 2022 இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது எங்கள் ஒழுங்கையில் ஓர் இளம் தாய், டின் இன்னும் நாலு நாளைக்கு வரட்டும் என்று, இரண்டு கரண்டி போட வேண்டிய தண்ணீரில் ஒரு கரண்டியே போட்டாள். போத்தல் என்னவோ நிறைந்துதான் இருந்தது. கிளினிக் தராசில் முள் நகரவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவளுக்குப் பால் வற்றவில்லை. கடை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாள் முழுக்க கடையில் நிற்பவள் அதை எப்படிச் செய்வது? பிழிந்தெடுத்த பாலைக் குளிர்சாதனப் பெட்டியில் 4 நாள் வரை வைக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. இதைக் குடும்பநல உத்தியோகத்தர்கள் பிரசவத்துக்கு முன்பே கையோடு செய்து காட்டலாம். அப்புறம், திருகோணமலையின் பெரிய கடைத்தொகுதிகளில் ஒரு கதவு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறியுடன் பாலூட்டும் அறை அமைப்பதை உள்ளூராட்சி மன்றம் வியாபார அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாக்கலாம்.

வாசகி, உப்புவெளி