நாயக்கர் திரும்பி வருகிறார், மாப்பிள்ளை

மதுரை,
10.11.2023

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். வீட்டில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமா? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. என் முழங்காலைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாடிப்படி ஏறும்போது மட்டும்தான் தொந்தரவு, மற்றபடி காலையில் வைகைக் கரைவரை நடந்துவிட்டு வருகிறேன். பெரியவளுக்குப் போன மாதம் வளைகாப்பு முடிந்தது. தை மாதத்தில் நான் தாத்தா. இதை முதலில் உனக்குத்தான் எழுதவேண்டும் என்று வைத்திருந்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ புனேயில் இருந்தாலும் உன் காதுக்கு எட்டியிருக்கும். 'நாயகன்' படத்துக்குப் பிறகு மணிரத்னமும் கமலும் மறுபடி சேரும் படத்துக்குத் தலைப்பு வைத்துவிட்டார்கள். 'தக் லைஃப்'. கமல் பிறந்தநாளுக்கு முந்தின நாள், திங்கட்கிழமை, மூன்று நிமிடத்துக்கு ஒரு முன்னோட்டமும் விட்டார்கள். இருவரும் மறுபடி சேர்கிறார்கள் என்ற செய்தி போன வருஷம் இதே பிறந்தநாளை ஒட்டித்தான் வந்தது. அன்று நீ போன் செய்து கத்தியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முன்னோட்டத்தை நான் நாலு தடவை பார்த்தேன். பொட்டல் காடு. கந்தல் துணியைச் சுற்றிக்கொண்டு கமல் நிற்கிறார். முகத்தை மூடிய ஆட்கள் சுற்றி வளைக்கிறார்கள். அவர் தன் பெயரைச் சொல்கிறார்: ரங்கராய சக்திவேல் நாயக்கன், காயல்பட்டினத்துக்காரன். அந்த இடத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. 'நாயகன்' படத்தில் கமல் நடித்த நம்முடைய வேலு நாயக்கருக்கும் முழுப்பெயர் சக்திவேலுதானே. அவரும் தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு ஓடிய பையன்தானே. காயல்பட்டினம் தூத்துக்குடிப் பக்கம்தான். இது 'நாயகன்' படத்தின் தொடர்ச்சியா, வேறு ஆளா என்று இங்கே டீக்கடை முழுக்க ஒரே விவாதம்.

என்னைக் கேட்டால், தொடர்ச்சியாக இருக்கவேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் போன வெள்ளிக்கிழமை நடந்ததைச் சொல்லவேண்டும்.

'நாயகன்' படத்தைப் புதுப்பித்து 3ஆம் தேதி மறுபடி திரையிட்டார்கள். தனியாகத்தான் போனேன். உன்னை நினைத்துக்கொண்டேதான் போனேன். 1987 தீபாவளி ஞாபகம் இருக்கிறதா? அக்டோபர் 21. ஒரே நாளில் ரஜினியின் 'மனிதன்', கமலின் 'நாயகன்'. காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, நீ அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம் என்று பிரிந்து போனோம். ராத்திரி டீக்கடையில் நீ 'மனிதன்' படத்தின் சண்டைக் காட்சியை எல்லாம் நடித்துக் காட்டினாய். நான் ஒன்றும் பேசவில்லை. என்னடா, படம் ஊத்திக்கிச்சா என்று கேட்டாய். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நாளைக்கு நீயே வந்து பார் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். 'நான் சிரித்தால் தீபாவளி' பாட்டு முடிந்து, அந்த விடுதி அறையில் அந்தப் பெண், நாளைக்குக் கணக்குப் பரீட்சை இருக்கிறது, சீக்கிரம் விட்டுவிடுவீர்களா என்று கேட்பாளே, அங்கே நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பத்தொன்பது வயசு நமக்கு. அதுவரை சினிமாவில் அப்படி ஒரு வாக்கியத்தை நாம் கேட்டதில்லை. அழவும் இல்லை அந்தப் பெண், கெஞ்சவும் இல்லை. பரீட்சை என்று மட்டும் சொன்னாள். அது சரண்யாவுக்கு முதல் படம்.

போன வெள்ளிக்கிழமையும் அந்த இடத்தில் தியேட்டர் அப்படியே அமைதியாகிவிட்டது. சுற்றிலும் கல்லூரிப் பையன்கள், பெண்கள். பாதிப் பேர் போனில் பார்த்திருப்பார்கள், வசனமெல்லாம் மனப்பாடம். கமல் திரையில் வந்தபோது விசிலடித்தவர்கள், அந்தப் பரீட்சைக் காட்சியில் மூச்சுவிடவில்லை. என் பக்கத்து சீட்டுப் பையன் பாப்கார்னை மடியில் வைத்துக்கொண்டு கையை எடுக்கவே இல்லை. முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகும் ஒரு காட்சி இதைச் செய்கிறது.

புதுப்பித்த பிரதியில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமின் ஒளியைப் பார்க்கவேண்டும் நீ. அந்தக் காலத்தில் தேய்ந்துபோன பிரிண்டில் நாம் பார்த்ததெல்லாம் பாதிதான். இருட்டுக்குள் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் தெரியும்போது, அந்த இருட்டுக்கும் ஒரு ஆழம் இருக்கிறது. 'அந்தி மழை மேகம்' பாட்டில் முகங்களில் ஒட்டியிருக்கும் வண்ணப்பொடி தனித்தனியாகத் தெரிகிறது. தாராவியைச் சென்னையில் வீனஸ் ஸ்டுடியோவுக்குள் தோட்டா தரணி போட்ட செட் என்று தெரிந்த பிறகும், எனக்கு அது பம்பாய்ச் சந்தாகவேதான் தெரிந்தது. மணிரத்னம் எழுபதுகளில் பம்பாயில் எம்.பி.ஏ. படித்தவர். தமிழ் தாதா வரதராஜ முதலியாரின் பெயர் அந்த ஊரில் ஓங்கியிருந்த காலம் அது. கேள்விப்பட்டது, கண்ணில் பட்டது எல்லாம் அந்தப் படத்துக்குள் இறங்கியிருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 'நாயகன்' வந்தபோது மணிரத்னத்துக்கு வயசு 31. கமலுக்கு 32. நரைமுடி வைத்து ஒரு இளைஞன் கிழவனாக நடித்தான். மகனின் உடலைப் பார்த்து வேலு நாயக்கர் அழும் காட்சியில், அந்த அழுகை வயிற்றிலிருந்து புறப்பட்டு வருகிறது. நான் அதைப் பத்தொன்பது வயசில் பார்த்து அதிர்ந்தேன். போன வாரம் இரண்டு பெண்களுக்குத் தகப்பனாகப் பார்த்தேன், என்னால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. முப்பத்திரண்டு வயசுக்காரர்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

இன்று கமலுக்கு 69 முடிந்துவிட்டது. மணிரத்னத்துக்கு 67. இனிமேல் நரையை ஒட்டவேண்டியதில்லை. அன்று கற்பனையாக எடுத்த முதுமை இன்று இருவர் கையிலும் நிஜமாக இருக்கிறது. அதைத்தான் எனக்குத் திரையில் பார்க்கவேண்டும், மாப்பிள்ளை. பழைய நாயக்கரை எழுப்பிக் கொண்டுவந்து அதே கேள்வியை மறுபடி கேட்கவேண்டாம். பேரன் கேட்பானே, நீங்கள் நல்லவரா கெட்டவரா என்று. போன வாரம் தியேட்டர் முழுக்க அந்த வசனத்தைக் கூடவே சொன்னது. சொல்லிவிட்டுக் கைதட்டினார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 1987இல் அந்தக் கேள்வி விழுந்தபோது இருந்த நிசப்தத்தை நீயும் நானும் கேட்டிருக்கிறோம். புதுப் படத்தில் அப்படி ஒரு நிசப்தம் வரவேண்டும். அது வேறொரு கேள்வியிலிருந்துதான் வரும்.

மணிரத்னத்தால் முதுமையைத் தொட முடியும் என்பதற்கு 'ஓ காதல் கண்மணி' சாட்சி. இளசுகளின் படம் என்று நீ ஒதுக்கிவிட்டாய். நான் இரண்டு தடவை பார்த்தேன், பிரகாஷ்ராஜுக்கும் லீலா சாம்சனுக்கும் ஆக. ஞாபகம் தப்பிக்கொண்டே போகும் மனைவி, அதைப் பதற்றமே காட்டாமல் தாங்கிக்கொள்ளும் கணவன். அந்தப் படத்தில் துல்கரும் நித்யா மேனனும் காதலிக்கக் கற்றுக்கொள்வதே அந்த வயசானவர்களைப் பார்த்துத்தான். 2013இல் 'கடல்' பார்த்துவிட்டு, இவர் கதை முடிந்தது என்று நான் உனக்கு எழுதினேன். இரண்டே வருஷத்தில் அதை வாபஸ் வாங்கவேண்டியதாயிற்று. 'இருவர்' படத்தையும் வந்த வேகத்தில் தியேட்டரிலிருந்து எடுத்தார்கள். இன்று அதைக் கொண்டாடாத ஆள் கிடையாது. அதனால் இவர் விஷயத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுவதை நான் விட்டுவிட்டேன்.

'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம் உனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். ஆதித்த கரிகாலனும் நந்தினியும் கடைசியாகச் சந்திக்கும் அந்த அறையை மட்டும் இன்னொரு தடவை பார். ரவி வர்மன் அந்த வெளிச்சத்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று பார். எத்தனை யானை, குதிரை, கப்பல் இருந்தாலும், இரண்டு பேரை ஒரு அறைக்குள் நிறுத்திவைப்பதில்தான் மணிரத்னம் மணிரத்னம். 'மௌன ராக'த்திலிருந்தே அப்படித்தான். எம்.ஜி.ஆர். எடுக்க நினைத்து முடியாமல் போன கதையை ஒருவர் எடுத்து முடித்தாரே, அதற்கே நான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் பாகத்தின் ஆரம்பத்தில் கமலின் குரல் கேட்டதும், இந்த இருவரும் மறுபடி சேரப்போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. உன்னிடம் அப்போதே சொன்னேன்.

புதுப் படத்தில் த்ரிஷாவும் ஜெயம் ரவியும் நடிப்பதாக இப்போது அறிவித்திருக்கிறார்கள், அதாவது குந்தவையும் அருள்மொழியும். அந்த அறிவிப்பில் துல்கர் பெயரும் உண்டு. ஒளிப்பதிவு ரவி கே. சந்திரன், எடிட்டிங் ஸ்ரீகர் பிரசாத், சண்டை அன்பறிவ். இசை ரகுமான்தான், வேறு யார். 'ரோஜா'விலிருந்து முப்பத்தொரு வருஷமாக ஒரு படம்கூட விடாமல் தொடரும் கூட்டணி அது. ஆனால் நாயக்கன் என்ற பெயரைக் கேட்டதும் என் காதில் தானாக ஓடியது 'தென்பாண்டிச் சீமையிலே' மெட்டுதான். இளையராஜாவின் அந்த ஒரு மெட்டு, படம் முழுக்க ஒரு ஆளின் கூடவே நடந்து வந்தது. ரகுமான் இந்த நாயக்கனுக்கு என்ன மெட்டுக் கொடுக்கப்போகிறார் என்பதுதான் நான் அதிகம் காத்திருக்கும் விஷயம்.

இது முடிந்த பிறகு என்ன எடுப்பார் என்று என்னைக் கேட்டால், எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. சோழநாடும் வேண்டாம், துப்பாக்கியும் வேண்டாம். ஒரு வீடு, ஒரு கணவன், ஒரு மனைவி, மேஜைமேல் ஆறிப்போன காபி. அறுபது கடந்த இரண்டு பேர், கல்யாணமாகி முப்பது வருஷம் கழித்து ஒருவரையொருவர் முதல் தடவையாகக் கேள்வி கேட்கிற மாதிரி ஒரு கதை. ஸ்ரீராம் வந்து ஜன்னல் வழியாக வெளிச்சம் வைக்கவேண்டும். அந்தப் படத்துக்கு நீயும் நானும் வீட்டுக்காரம்மாக்களைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

நாளன்றைக்குத் தீபாவளி. இந்த வருஷம் பட்டாசு குறைவு, பெரியவளுக்குச் சத்தம் ஆகாது. அம்மா செய்த மாதிரி லேகியம் கிண்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வேலை உனக்கு. அன்றைக்கு இரண்டாம் நாள் படம் முடிந்து வெளியே வந்தபோது, வாசலில் 'நாயகன்' பாட்டுப் புத்தகம் வாங்கினோம். யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போட்டு, கடைசியில் உன்னிடம்தான் போயிற்று. பின்னட்டையில் நான் ஊதா மையில் தேதி எழுதினேன். உன் தகரப் பெட்டியில் இருக்கும், தேடிப் பார். கிடைத்தால் அந்தப் பின்னட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பொங்கலுக்கு நீ வரும்போது புத்தகத்தையே கொண்டுவா. பேரனோ பேத்தியோ, வரப்போகிறவருக்காக எடுத்து வைக்கவேண்டும்.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை