அடங்காத ஆட்டக்காரரை வாங்கப்போகும் கால்பந்து கிளப்புகளுக்கு

நிர்வாகிகளுக்கும் தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் வணக்கம்.

ஒவ்வொரு இடமாற்றப் பருவத்திலும் ஏதாவது ஒரு கிளப், "நம்மிடம் வந்தால் திருந்திவிடுவார்" என்று நம்பி, திறமையும் தலைக்கனமும் சேர்ந்த ஒருவரை வாங்குகிறது. எது நடந்தால் என்ன செய்வது என்று யாரும் எழுதிவைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எழுதிவைத்த கிளப்பும் தவறானதை எழுதிவிடுவது உண்டு. 2014இல் லிவர்பூல் மாரியோ பலோடெல்லியை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. வன்முறை, எச்சில் துப்புதல், வசைச்சொல் போன்றவற்றுக்காக ஒரு பருவத்தில் மூன்று முறை வெளியேற்றப்படாமல் இருந்தால் பத்து லட்சம் பவுண்டு ஊக்கத்தொகை என்று அவர் ஒப்பந்தத்தில் இருந்தது 2016இல் கசிந்த ஆவணங்களில் தெரியவந்தது. அதாவது இரண்டு சிவப்பு அட்டை வாங்கினாலும் பணம் உண்டு! பந்தை இழந்தபின் அவர் திரும்பி ஓடினாரா என்பதை அந்த விதி கேட்கவே இல்லை. அந்தப் பருவத்தில் லீக்கில் 16 ஆட்டம், ஒரே ஒரு கோல்.

கண்ணால் பார்த்து எண்ணக்கூடியதை எழுதுங்கள். பந்து பறிபோன முதல் ஐந்து வினாடியில் என்ன செய்கிறார்? சக ஆட்டக்காரரின் பாஸ் தவறினால் கையை விரித்துக் கூட்டத்துக்குக் காட்டுகிறாரா? பாதியில் வெளியே அழைத்தால் பெஞ்சில் வந்து உட்காருகிறாரா, நேரே உடைமாற்றும் அறைக்குப் போகிறாரா? பயிற்சிக்கு எத்தனை நிமிடம் தாமதம்? ஐந்தாறு ஆட்டங்களையாவது மைதானத்தில் நேரில் பாருங்கள். பலமான எதிரணியின் ஊரில் நடப்பவையாகச் சில இருக்கட்டும். தொலைக்காட்சி கேமரா பந்தின் பின்னால் போய்விடும், நமக்கு வேண்டியதோ பந்தில்லாத ஆள்.

கோபக்காரரையும் உழைக்காதவரையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். 1995 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர் எரிக் கான்டோனா ரசிகர் ஒருவரை உதைத்து எட்டு மாதத் தடை பெற்றார். ஆகஸ்டில் விலகிவிடப் போவதாக அவர் கிளம்பியபோது, பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசன் பாரிஸுக்கே போய்ப் பேசித் திருப்பி அழைத்துவந்தார். 1995-96 பருவத்தில் மான்செஸ்டர் யுனைடெட் லீக், எஃப்.ஏ. கோப்பை இரண்டையும் வென்றது. பயிற்சி முடிந்தபின்னும் நின்று பழகும் ஆள் அவர். அதனால்தான் அந்தப் பயணம் வீண்போகவில்லை. பயிற்சியையே ஏமாற்றுபவருக்காக யாரும் பாரிஸ் போகவேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

தண்டிக்கும்போது முதலில் எழுத்து, பிறகுதான் பேட்டி. 2011 செப்டம்பரில் மியூனிக்கில் மான்செஸ்டர் சிட்டியின் கார்லோஸ் டெவெஸ் களமிறங்க மறுத்தார் என்று பயிற்சியாளர் ராபர்டோ மான்சினி கேமரா முன்னால் சொல்லிவிட்டார். விசாரணையில் அது, வார்ம்-அப்பைத் தொடர மறுத்தார் என்பதாகச் சுருங்கியது. நான்கு வாரச் சம்பள அபராதமும், வீரர்கள் சங்கம் ஒப்பாததால், இரண்டு வாரமானது. பெஞ்சில் யார் என்ன சொன்னார்கள் என்று அன்றிரவே உதவிப் பயிற்சியாளர்களிடம் தனித்தனியே எழுதி வாங்குங்கள்.

ஒருவரை அணியிலிருந்து பிரித்துத் தனியே ஓடவிட்டு வெளியேறச் செய்யும் பழைய தந்திரம் இப்போது ஆபத்து. ஒப்பந்தத்தை மாற்றவோ முறிக்கவோ நெருக்கும் அத்துமீறல், ஃபிஃபா இடமாற்ற விதிகளின் 14ஆம் பிரிவின்படி, ஆட்டக்காரர் நியாயமாக முறித்துக்கொள்ளக் காரணமாகும். 15ஆம் பிரிவு இன்னொரு வழி தருகிறது: நிலைபெற்ற ஆட்டக்காரரைப் பருவத்தின் அதிகாரப்பூர்வ ஆட்டங்களில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இறக்கினால், கிளப்பின் அந்தப் பருவக் கடைசி ஆட்டத்திலிருந்து 15 நாளுக்குள் அவர் முறிக்கலாம். தண்டனையாகவே பிரித்தாலும், அதற்கு முடியும் தேதி போட்டுக் கடிதம் கொடுங்கள்.

அறைக்குள் நடந்தது அறைக்குள்ளேயே தீரவேண்டும். 2010 உலகக் கோப்பையில் நிக்கோலா அனெல்கா இடைவேளையில் பயிற்சியாளரைத் திட்டியது செய்தித்தாளின் முதல் பக்கத்துக்கு வந்தது. அவரை வீட்டுக்கு அனுப்பியதும் மொத்த பிரெஞ்சு அணியும் பயிற்சியைப் புறக்கணித்து, பிரிவில் ஒரே புள்ளியோடு கடைசியில் நின்றது. முடிவை அறிவிக்கும் முன் அணித்தலைவரை உட்காரவைத்துப் பேசுங்கள்.

கடைசியாக, நேற்றுவரை ஒழுங்காக இருந்தவர் திடீரென்று தாமதமாக வந்தால் அபராதச் சீட்டை நீட்டாதீர்கள். இன்டர் மிலனின் பிரேசில் ஆட்டக்காரர் அட்ரியானோவின் தந்தை 2004இல் இறந்தார். குடியில் விழுந்த அவரை 2007இன் இறுதியில் கிளப் விடுப்பில் பிரேசிலுக்கு அனுப்பியது. முதல் வாரத்திலேயே மருத்துவரிடம் அனுப்புங்கள். அவரிடம் ஆட்டக்காரர் சொன்னது அணித் தேர்வு செய்பவரின் மேசைக்கு வரக்கூடாது.

இப்படிக்கு,
ஆட்டக்காரர்களைப் பார்த்து அறிக்கை எழுதும் சிலர்