தனியாக வரும் பெண்ணுக்கு நம் கோயில் ஊர்களில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டெல்டா மாவட்டங்களின் சோழர் காலக் கோயில்களைச் சுற்றுலாத் தலங்களாக மேம்படுத்துவது பற்றி நம் நாளிதழில் தொடர்ந்து எழுதுகிறார்கள். சாலை, கார் நிறுத்துமிடம், ஒலி ஒளிக் காட்சி எல்லாம் வந்துவிட்டது. தனியாக வந்து சிற்பத்தையும் ஓவியத்தையும் நின்று பார்க்க ஆசைப்படும் ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் யாரும் எழுதக் காணோம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். குத்தாலம் பக்கம் கிராமம். சம்பா அறுப்பு முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, வைக்கோலை ஏற்றி அனுப்பிய பிறகு, மாசி பங்குனியில் கிளம்புவேன். வயலையும் மாட்டையும் விட்டுவர வீட்டுக்காரருக்கு மனசு வராது. அதனால் தனியாகப் போகிறேன் என்று ஊரில் நினைக்கிறார்கள். அவர் கூட வந்தாலும் சிற்பம் பார்க்கும் நேரத்தில் நான் தனியாகத்தான் போவேன். குழுவாகப் போனால் ஒருவருக்குக் கால் வலிக்கும், இன்னொருவருக்குக் காபி வேண்டும், வழிகாட்டி அடுத்த அறைக்கு நடந்துவிடுவார். போதாததற்கு, எங்கே போனாலும் மற்றவர்கள் சாப்பிட்டார்களா, தண்ணீர் குடித்தார்களா என்று பார்த்தே நம் வீட்டுப் பெண்களுக்குப் பழகிவிட்டது. தனியாகப் போனால்தான் கண் முழுசாக நமக்குக் கிடைக்கிறது.

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் மியூசியம் இருக்கிறது. அங்கே டச்சு ஓவியர் வெர்மீர் 1660 வாக்கில் வரைந்த, ஒரு பெண் பால் ஊற்றும் ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். உலகமே அறிந்த ஓவியம், ஆனால் உயரம் 45 சென்டிமீட்டர், அகலம் 41, அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சுண்ணாம்புச் சுவர். அதில் ஓர் ஆணி. ஆணி பிடுங்கிய ஓட்டைகளும் இருக்கின்றன. அந்த ஓட்டைக்குக்கூட உள்ளே இருட்டும் விளிம்பில் வெளிச்சமும் வைத்திருக்கிறார். அப்புறம் கைகள். சட்டைக் கையை மேலே மடித்துவிட்டிருப்பதால் மணிக்கட்டுப் பக்கம் வெயிலில் காய்ந்த நிறமும் அதற்கு மேலே வெளுத்த நிறமும் தெரிகின்றன. நடவுக்கு வரும் பெண்களின் கையை ஆயுசு முழுக்கப் பார்த்தவள் நான். வேலை செய்கிற கையை இவ்வளவு மரியாதையோடு ஒருவர் வரைந்திருக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது. யாரும் வந்து ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கவில்லை.

அதே மியூசியத்தில் நம் ஊர் நடராஜர் ஒருவர் இருக்கிறார். சோழர் காலத்தவர். 153 சென்டிமீட்டர் உயரம், எடை 300 கிலோவுக்குப் பக்கம். ராட்டர்டாம் துறைமுகத்தில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் பெரிய எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்த்தபோது, உள்ளே வெற்றிடமே இல்லாமல் முழுக்கக் கனமாக வார்த்தது என்று தெரிந்ததாம். சுவாமிமலையில் கோயிலுக்கென்று செய்யும் திருமேனியை இன்றும் அப்படித்தான் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் பிடித்து, காவிரி வண்டல் மண்ணை அதன்மேல் மெல்லப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். விரல் நகமும் கழுத்து மணியும் துல்லியமாக வருவதற்கு முதல் பூச்சில் போகிற அந்த நைசான வண்டல்தான் காரணம். ஆம்ஸ்டர்டாமில் அவரைச் சுற்றி வந்து பின்புறச் சடையை வரைந்துகொண்டேன். போட்டோ எடுப்பதை விட்டுவிட்டு வரைந்து பாருங்கள் என்று 2015-இல் ஓர் இயக்கமே நடத்திய மியூசியம் அது. கையில் நோட்டோடு வருகிறவரை அங்கே வேண்டியவராக நடத்துகிறார்கள்.

வாஷிங்டனில் பார்த்ததையும் சொல்ல வேண்டும். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது தனியாக மெட்ரோவில் ஏறி ஃப்ரீர் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கட்டணம் கிடையாது. அங்கே நிற்கிறார், சோழ அரசி செம்பியன் மாதேவி என்று ஆய்வாளர்கள் பலர் கருதும் அம்மையார். 1929-இல் வாங்கிய செப்புத் திருமேனி. நீண்ட மெல்லிய உடல், ஒரு கை அப்படியே தொங்குகிறது, முகத்தில் ஒரு நிதானம். கணவர் கண்டராதித்த சோழர் காலமான பிறகு பல்லாண்டு வாழ்ந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக எடுத்துக் கட்டியவர் அவர். கோனேரிராஜபுரம் கோயிலைக் கணவர் பெயரால் கட்டி, அவர் லிங்கத்தை வணங்குவது போலச் சுவரில் செதுக்கவும் வைத்தார். அந்தக் கோனேரிராஜபுரம் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி எங்கள் மண்ணில் கலைக்காக இவ்வளவு செலவழித்த பெண்ணை, கடல் தாண்டி வந்து, பக்கத்தில் யாருமில்லாமல் நான் மட்டும் நின்று பார்க்கிறேன். ஆசைதீரப் பார்த்தேன்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

சோழர் கோயில்களில் தென்புறக் கோஷ்டங்களில், அதாவது சுவர் மாடங்களில், இருக்கும் சிற்பங்களைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும். கிழக்கு வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் ஆடையின் மடிப்பும் இதழின் ஓரமும் எழுந்து வரும். உச்சி வெயிலில் எல்லாம் சப்பையாகிவிடும். அந்தக் காலை வெயிலுக்காக முந்தின ராத்திரியே ஒரு கோயில் ஊருக்குப் போய் இறங்கினேன். ஊர் பெயர் வேண்டாம். லாட்ஜில் இருந்த பையன், "கூட யாரும் வரலியாம்மா?" என்றான். இல்லை தம்பி, நான் மட்டும்தான் என்றேன். ஆதார் கொடுத்தேன், ஓய்வூதியர் அட்டை காட்டினேன். "தனி லேடீஸுக்கு ரூம் குடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரும்மா" என்றான். அடுத்த லாட்ஜிலும் அதே பதில். கடைசி பஸ்ஸும் போய்விட்டது. பழைய மாணவி ஒருத்தி அந்த ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்ததால் அவள் வீட்டுத் திண்ணையில் தங்கித் தப்பித்தேன். காலையில் அந்த வீட்டில் இட்லி சாப்பிடாமல் விடுவார்களா? கோயிலுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது.

வியட்நாமில் தா நாங் என்ற ஊருக்குப் போயிருக்கிறேன். திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் விமானம் மாறினால் போய்விடலாம். அங்கே பழங்காலத்தில் இருந்த சம்பா என்ற நாட்டின் சிற்பங்களுக்கென்றே 1919-இல் திறந்த அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. த்ரா கியூ என்ற ஊரில் கிடைத்த பீடத்தில் ஆடும் பெண்களின் இடுப்பு வளைவைப் பார்த்தால் தஞ்சாவூர்க்காரருக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருக்கும். அந்த ஊர் விடுதியில் பாஸ்போர்ட்டை வாங்கிக் குறித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். மொழி தெரியாத ஊரில் கிடைத்த அறை, தேவாரம் பாடிய ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. இது என்னை ரொம்பவே வாட்டுகிறது.

லாட்ஜ்காரர்களின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஏதாவது ஒன்று நடந்துவிட்டால் போலீஸ், விசாரணை என்று அலைய வேண்டியிருக்கும். ஆனால் பெண்ணுக்கு அறை கொடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு 'தோழி' விடுதிகளை நடத்துகிறது, தஞ்சாவூரிலும் உண்டு. அதே முறையில், பயணம் வரும் பெண்களுக்கென்று கும்பகோணம், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் என்று ஊருக்கு நாலு அறை ஒதுக்கினால் போதும். அறநிலையத் துறையின் பக்தர் தங்கும் விடுதிகளிலேயே ஒதுக்கலாம். தனியாக வருகிறவர் என்பதைக் காரணம் காட்டி அறை மறுக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எல்லா விடுதிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். கோயிலுக்கு அருகில் சுத்தமான கழிப்பறை வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா? தண்ணீர் குடிக்காமல் பாதி நாள் சிற்பம் பார்த்த பெண்களைக் கேட்டால் தெரியும்.

அறை கிடைத்துவிட்டாலும் பார்ப்பதற்கு வழி வேண்டும். திருமேனிகள் நமக்குத் தெய்வம், காட்சிப் பொருள் இல்லை. பட்டும் மாலையும் சாத்திய அழகே தனி. திருவாதிரை அபிஷேகத்தில் பால் தோளில் விழுந்து, முழங்கை வழியாக இறங்கி, விரல் நுனியில் ஒரு கணம் நின்று சொட்டும்போது, அந்தக் கையை வடித்த ஸ்தபதியின் மனசு தெரியும். அதைப் பார்த்தவளுக்கு எந்த மியூசியமும் ஈடில்லை. ஆனால் களவுக்குப் பயந்து பாதுகாப்பு மையங்களில் வைத்துப் பூட்டிய திருமேனிகளுக்கு அந்த அபிஷேகமும் திருவிழா சமயத்தில் மட்டும்தான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. களவுபோய் வெளிநாடு சென்ற சிவபுரம் நடராஜர் 1986-இல் திரும்பி வந்தார். பத்தூர் நடராஜர் லண்டனில் வழக்காடி 1991-இல் வந்தார். ஸ்ரீபுரந்தான் நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தார். களவுபோனது திரும்ப வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. வந்த பிறகு அவர்களை நாம் பார்க்க வேண்டாமா? திருவாரூர் பாதுகாப்பு மையத்தோடு சேர்த்து, கடுமையான காவலோடு ஒரு தரிசனக் கூடம் கட்டலாம். நல்ல விளக்கும், எந்த ஊர் எந்தக் காலம் என்று தமிழில் தெளிவான குறிப்பும் அங்கே இருந்தால் போதும்.

நம்மிடம் நல்ல உதாரணமும் இருக்கிறது. தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில், திருவெண்காட்டில் மண்ணுக்கடியில் கிடைத்த ரிஷபவாகனர் நிற்கிறார். 1011-ஆம் ஆண்டுத் திருமேனி. ரிஷபம் கிடைக்கவில்லை. இருந்தாலும் காலை மாற்றி வைத்து, கையைச் சாய்த்திருக்கும் விதத்தில் அங்கே ஒரு மாடு நிற்பது நமக்குத் தெரிகிறது. தலையில் பாம்பையும் சடையையும் சேர்த்துச் சுற்றிய முண்டாசு. உலகத்தில் எவ்வளவோ பார்த்துவிட்டேன், அந்த நிற்பை எங்கேயும் பார்க்கவில்லை. டெல்டாவில் இருக்கிற எத்தனை பெண்கள் அதைப் பார்த்திருப்பார்கள்?

பெரிய கோயில் கருவறையைச் சுற்றியிருக்கும் உள்சுற்றில் 1931-இல் கண்டுபிடித்த சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் போய்ப் பார்க்க முடியாது. குறுகலான இடம், மூச்சுக் காற்றுப் பட்டாலே வண்ணம் கெடும். மூடியிருப்பதுதான் சரி. பிரான்சில் ஆதிமனிதர் ஓவியங்கள் உள்ள லாஸ்கோ குகைக்கும் இதே நிலை வந்து 1963-இல் மூடினார்கள். ஆனால் அங்கே அதோடு விடவில்லை. அதே அளவில், அதே வளைவில் ஒரு நகல் குகை செய்து 1983-இல் திறந்தார்கள். தஞ்சாவூரில் அந்த உள்சுற்றை முழு அளவில் நகலெடுத்து ஒரு மண்டபம் கட்டலாம். சுந்தரர் வெள்ளை யானையில் கயிலைக்குப் போவதை நம் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கட்டும். வரைவதற்குக் கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியிலேயே கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

வேலையில் இருந்தபோது ஒன்பதாம் வகுப்புப் பெண்களைத் தாராசுரத்துக்குக் கூட்டிப்போவேன். உள்ளங்கை அகலச் சதுரத்தில் பெரியபுராணக் கதை ஒன்று முழுசாக அடங்கியிருக்கும். தூண்களில் ஆடுகிற பெண்களின் கால் மடக்கைப் பிள்ளைகள் வரைந்து பழகுவார்கள். நல்ல கை உள்ள ஒருத்தி, பெரியவளானதும் தனியாக வந்து ஒருநாள் முழுக்க வரையணும் டீச்சர் என்றாள். அவளுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். இன்னும் வரவில்லை. தனியாக எப்படிம்மா அனுப்புவது என்று வீட்டில் கேட்கிறார்களாம். தங்க இடமும் கழிப்பறையும் இருந்தால் அந்தக் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

சுற்றுலாத் துறையும் தொல்லியல் துறையும் இடம் கொடுத்தால் ஞாயிறு காலைகளில் தாராசுரத்திலோ திருப்புள்ளமங்கையிலோ பெண் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லித்தர நான் வருகிறேன். சம்பளம் வேண்டாம். காகிதமும் பென்சிலும் நானே கொண்டு வருகிறேன். பக்கத்து ஊர்களில் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியைகள் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களும் எழுதுங்கள். அறைகள் ஒதுக்குவது பற்றி மாவட்ட ஆட்சியர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு இதே பக்கத்தில் வெளியிட ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
குத்தாலம் வட்டம், மயிலாடுதுறை மாவட்டம்.