வெட்டு உத்தரவு யார் கையில்?

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுவது. விவசாயிகளின் கைப்பேசிக்கு நினைவூட்டல் அனுப்பினால் அறுவடைப் பணத்தில் சேமிப்பு கூடுமா என்று பார்ப்பதுதான் உன் ஆய்வேடு என்று சொன்னாய். போனில் பதில் சொன்னால் நீ குறுக்கே புகுந்து என்னை மடக்கிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

போன மாதம் நீ தமிழில் சொல்லிக் காட்டிய கட்டுரையையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2013இல் 'சயின்ஸ்' இதழில் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர் எழுதியது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்கள், 464 கரும்பு விவசாயிகள். ஒரே ஆளிடம் கரும்பு வெட்டுக்கு முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை 5 5 5 என்று காட்டி, எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கேட்டிருக்கிறார்கள். வாய் ஐந்து என்று சொல்லத் துடிக்கும். மூன்று என்று சொல்ல வேண்டும். வெட்டுக்கு முன்னால் திணறிய அதே மனிதர், பின்னால் சுதாரித்துக்கொண்டார். பணக்கவலையே புத்தியில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவிலிருந்து வர வேண்டுமா என்று உன் அப்பா சிரித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்ததை நாம் சொன்னால் புலம்பல் என்பார்கள். அளந்து காட்டினால்தான் வாயை மூடுவார்கள்.

அவர்கள் கெட்டிக்காரத்தனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதத்தில் வெட்டு நடந்தால், வெயிலா, பண்டிகைச் செலவா, பணமுடையா, எது ஆளைக் குழப்பியது என்று பிரிக்க முடியாது. சர்க்கரை ஆலையோ, யார் எப்போது வெட்டலாம் என்று உத்தரவு கொடுத்து, வெட்டைப் பல மாதங்களுக்குப் பிரித்துப் போடுகிறது. அதனால் ஒரே வாரத்தில் ஓர் ஊர்க்காரர் பணம் பார்த்திருப்பார், பக்கத்து ஊர்க்காரர் பார்த்திருக்க மாட்டார். நம்மை ஆலை வாசலில் காத்துக்கிடக்க வைக்கிற வெட்டு உத்தரவு, ஆராய்ச்சிக்காரர்களுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறது!

வெட்டுக்கு முன்னால் 78 சதவீதம் பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள், பின்னால் 4 சதவீதம் என்றாயே. 78ஐ நான் அப்படியே நம்புகிறேன். 4தான் இடிக்கிறது. வெட்டு முடிந்ததும் நகை வீட்டுக்கு வந்துவிடுவதில்லை. ஆலை பணத்தைப் பட்டுவாடா செய்தால்தான் வரும். இரண்டுக்கும் நடுவில் வெட்டுக்கூலி கொடுத்தாக வேண்டும், வெட்டிய கட்டையில் துளிர்க்கும் மறுதாம்புக்கு உரம் வைத்தாக வேண்டும், உன் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியாக வேண்டும். கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் தர வேண்டும், தாண்டினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி என்று 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவில் இருக்கிறது. நம் வீட்டுக்கு அந்த வட்டி ஒரு ரூபாய்கூட வந்ததில்லை.

நாமும் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று உன் வகுப்பில் கேள்வி வந்தால், மனச்சோம்பல், நாளைக்குத் தள்ளிப்போடும் குணம் என்று ஏதாவது பெயர் சொல்வார்கள். காரணம் அதுவல்ல. அடுத்த பருவத்தின் கரும்புப் பதிவும் வெட்டு உத்தரவும் ஆலையிடம் இருக்கின்றன. கரும்பு முற்றி நிற்கும்போது உத்தரவு ஒரு மாதம் தள்ளிப்போனால் எடையும் போகும், சர்க்கரையும் போகும். பகைத்துக்கொள்வதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? இதைக் கணக்குப் போட்டுத்தான் அப்பா வாயைத் திறக்கவில்லை. ஒருவரின் நடத்தையைப் பிழை என்று எழுதுவதற்கு முன், அவர் குடுமி யார் கையில் இருக்கிறது என்று பார்.

இங்கிலாந்தில் 2012இலிருந்து தொழிலாளர்களைக் கேட்காமலே ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துவிடுகிறார்கள், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம், பெரும்பாலோர் விலகுவதில்லை என்று வியந்து சொன்னாய். நல்ல ஏற்பாடுதான். மாதாமாதம் சம்பளம் வருகிற இடத்தில் அது நடக்கும். நம்மிடமும் கேட்காமலே நடக்கிற ஒன்று இருக்கிறதே: பயிர்க்கடனை ஆலையே பிடித்தம் செய்து வங்கிக்கு அனுப்பிவிடுகிறது. பிடித்தத்துக்கு யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நினைவூட்டல் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், 14 நாள் கெடு தாண்டிய பதினைந்தாம் நாள் காலையில் ஆலை அதிகாரிக்கு அனுப்பு.

மனிதர் நடத்தையை ஆராய்கிற நிக் சேட்டரும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 2022இல் எழுதியதாகச் சொன்னாயே, தனிமனிதரைத் திருத்துவதிலேயே தங்கள் துறை கவனம் வைத்ததால் அமைப்பைத் திருத்தும் வேலை பின்னுக்குப் போனது என்று. சொந்தத் துறையைப் பற்றியே அப்படி எழுதியவர்கள் மீது எனக்கு மரியாதை வந்தது. உன் பேராசிரியரிடம் அதை எடுத்து வைத்துப் பேசு. 14 நாளுக்குள் பணம் கிடைத்தவர்கள், மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள், இரு தரப்பிடமும் அந்த 5 5 5ஐக் காட்டிப் பார். சேமிப்பையும் அடகையும் கேள். கடன் பிடித்தம் போக மிச்சம் எவ்வளவு என்று கேட்க மறந்துவிடாதே. வெளியூர் ஆட்கள் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

தலைப்பு முடிவானதும் சொல். நம் ஊரில் எடைச்சீட்டையும் பட்டுவாடா ரசீதையும் வருடவாரியாகக் கட்டி வைத்திருப்பவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். முதலில் பெண்களிடம் பேசுகிறேன். அடகுச் சீட்டு அவர்களிடம்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா