பாட்டிலைக் கழுவாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். குழந்தைக்குச் சளி தேவலையா? மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை முடிந்ததா? நாம் பேசி 23 நாளாகிறது. நீ வேலையாக இருப்பாய் என்று நானும் கூப்பிடவில்லை. அம்மா கூப்பிட்டால் எடுக்கிறாய் என்று தெரியும். இருக்கட்டும்.

அன்று புது வீட்டுத் தண்ணீருக்கு என்ன ஃபில்டர் போடலாம் என்று கேட்டாய். நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதற்கப்புறம் உட்கார்ந்து நிறையப் படித்தேன், விஷயம் தெரிந்த இரண்டு பேரிடம் கேட்டேன். அதை எழுதத்தான் இந்தக் கடிதம். வேறொன்றுமில்லை.

முதலில் ஃபில்டர் வாங்காதே. அதாவது இப்போதைக்கு வாங்காதே. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு வாங்கு. விற்க வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி எண்ணைக் காட்டுவார். மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதைத்தான் அது தோராயமாகச் சொல்லும். ஆர்சனிக் இருக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இன்னொருவர் இரண்டு கம்பியைத் தண்ணீரில் விட்டு கரண்ட் கொடுப்பார். தண்ணீர் பழுப்பாகிக் கசடு மிதக்கும். 'பாருங்கள், இதைத்தான் குடிக்கிறீர்கள்' என்பார். அந்தக் கசடில் முக்கால்வாசி அவருடைய கம்பியிலிருந்து கரைந்த இரும்பு. நீ இதற்கெல்லாம் மயங்க மாட்டாய். மாப்பிள்ளை மயங்குவார், நல்ல மனுஷர்.

உங்கள் வீட்டில் கிணறும் இருக்கிறது, குழாயும் வருகிறது. இரண்டும் ஒரே தொட்டியில் விழுந்தாலும் பிரச்சினை ஒன்றல்ல. குழாய்த் தண்ணீரில் குளோரின் போட்டு அனுப்புகிறார்கள். வாடை பிடிக்கவில்லை என்று வாசலிலேயே பெரிய கார்பன் ஃபில்டர் போட்டால் வாடை போகும், குளோரினும் போகும். அப்புறம் உள்ளே ஓடும் பைப்புக்குக் காவல் யார்? பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டு வந்தால் தேங்கிய தண்ணீரில் கிருமி வளரும். என்னைக் கேட்டால் கார்பன் சமையலறைக் குழாயில் மட்டும் போதும். பழைய வீடென்றால் ஈயப் பைப்போ, ஈயம் வைத்துப் பற்றிய மூட்டோ இருக்கலாம். ஈயத்துக்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஈயப் பரிசோதனைக்கு மட்டும் ராத்திரி முழுக்கக் குழாயைத் திறக்காமல் வைத்து, காலையில் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும்.

கிணற்றுத் தண்ணீர்தான் பெரிய விஷயம். அதற்குக் காவல்காரர் யாரும் இல்லை, வீட்டுக்காரர்தான் எல்லாம். கிணறு எத்தனை அடி, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று விற்றவரிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். வாங்குவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மட்டும் நான் என்ன செய்திருப்பேன் என்பது வேறு விஷயம். நம் குடும்பத்தில் யாரிடமும் கைநீட்டாமல் வீடு வாங்கியது நீதான். பெரியப்பாவிடம்கூட அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வெள்ளை வாளியில் காலையில் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்து அப்படியே வை. பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். சாயங்காலம் அடியில் துருநிறத்தில் படிந்திருந்தால் கரைந்த இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். லிட்டருக்கு 0.3 மில்லிகிராமைத் தாண்டினாலே துணியிலும் பீங்கானிலும் கறை விழும். அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் எந்தக் குழாயில் என்று பார். சுடுதண்ணீரில் மட்டும் அடித்தால் கிணற்றின் மேல் பழி போடாதே, ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பிதான் பெரும்பாலும் காரணம்.

வீடு முழுக்க ஃபில்டர் போடுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் மண், அப்புறம் இரும்பு, அப்புறம் சுண்ணாம்பு, கடைசியில் கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கு. இதை மாற்றிப் போட்டால் பணம் தண்டம். மண்ணும் இரும்பும் போகாமல் சுண்ணாம்பை எடுக்கும் சாஃப்ட்னருக்குள் போனால், அதற்குள் இருக்கும் ரெசின் மணிகள் அடைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு போகாமல் யூ.வி.க்குப் போனால் விளக்கைச் சுற்றியுள்ள குவார்ட்ஸ் குழாயில் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். தண்ணீர் கலங்கியிருந்தாலும் அப்படித்தான், ஒரு துகளின் நிழலில் கிருமி ஒளிந்துகொண்டு தப்பித்துவிடும். அந்த விளக்கை வருஷத்துக்கு ஒருமுறை மாற்று. நீலமாக எரிகிறதே என்று விட்டுவிடாதே. எரியும், ஆனால் கிருமியைக் கொல்லும் கதிர் குறைந்து போயிருக்கும்.

இரண்டு குழாயும் ஒரு ஷவரும் ஒன்றாக ஓடினால் நிமிஷத்துக்கு 25, 30 லிட்டர் போகும். அதற்குத் தாங்குகிற ஹவுசிங்காக, அதாவது ஃபில்டர் கூடாக வாங்கு, சின்னதாக வாங்கினால் மாடியில் தண்ணீர் நூலாக விழும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் ஒரு ப்ரஷர் கேஜ். இரண்டுக்கும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனால் கார்ட்ரிட்ஜ் அடைத்துவிட்டது. ஃபில்டரைச் சுற்றித் தண்ணீரைத் திருப்பிவிட பைபாஸ் வால்வு மறக்காமல் போடச் சொல். தோட்டத்துக்குப் போகும் பைப்பை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிடு. சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுவதுதான் அந்த மெஷினின் வேலை, செடிக்கு அது ஆகாது.

சாஃப்ட்னர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பிளம்பர் சொன்னதாகச் சொன்னாய். ஆகாது. அது நைட்ரேட்டையும் எடுக்காது, ஃபுளோரைடையும் எடுக்காது. ஃபுளோரைடைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம். புட்டிப்பால் கலக்கிறாய். பக்கத்தில் உரம் போடும் நிலமோ, கழிவுநீர்க் குழியோ இருந்தால் கிணற்றில் நைட்ரேட் சேரும். கைக்குழந்தையின் ரத்தத்தில் அது பிராணவாயுவைச் சுமக்க விடாது, உதடும் நகமும் நீலம் பாரித்துவிடும். 1945லேயே ஹன்டர் காம்லி என்ற டாக்டர் அமெரிக்காவின் ஐயோவாவில் இதைக் கிணற்றுத் தண்ணீரோடு சேர்த்துக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார். லிட்டருக்கு 50 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. 'கொதிக்க வைத்துக் கொடு, போதும்' என்று அன்று போனில் சொன்னேன் அல்லவா? தப்பு. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும். ரிப்போர்ட் வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு புட்டிகூடக் கலக்காதே. ஒரு புட்டிகூட வேண்டாம்.

அன்று இன்னொன்றும் சொன்னேன். 'நீ கிணற்றுத் தண்ணீர் குடித்துத்தானே வளர்ந்தாய், உனக்கு என்ன ஆகிவிட்டது?' என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசவில்லை. 'ஒண்ணும் ஆகலைப்பா' என்று சொல்லி வைத்துவிட்டாய்.

உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது ஒரு பல் டாக்டர் எப்போதாவது சொல்லியிருப்பார். நான் சொன்னதில்லை.

உனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, ஆய்வகத்தில் வேலை பார்த்த என் சிநேகிதன் நம் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் வாங்கிப் போனான். பத்து நாள் கழித்து ஒரு சீட்டு கொடுத்தான். ஃபுளோரைடு லிட்டருக்கு 3.2 மில்லிகிராம். 1.5க்கு மேல் போகக் கூடாது. அந்த எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டு, கீழே 'குழந்தைக்கு வேறு தண்ணீர் கொடு' என்று எழுதியிருந்தான். நான் அதை நான்காக மடித்து பீரோவில் பத்திரத்துக்கு அடியில் வைத்தேன்.

பெரியப்பாவிடம் கடன் வாங்கி ஆழப்படுத்திய கிணறு அது. தெருவே குடத்தோடு வந்து நின்றது. அவர்களிடம் போய் என்ன சொல்வது? ஃபுளோரைடு பல்லுக்கு நல்லதென்று பற்பசை விளம்பரத்தில் வருகிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்சமாக இருந்தால் நல்லதுதான். கூடினால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லைக் கெடுத்துவிடும். அப்போது உனக்கு இருந்தது பால் பல், வெள்ளையாகத்தான் இருந்தது. கெட்டுக்கொண்டிருந்தது கண்ணுக்குத் தெரியாத பல்.

ஏழு வயதில் முன்பல் முளைத்தது. முதலில் சுண்ணாம்பு இழுத்த மாதிரி வெள்ளைக் கோடு, அப்புறம் குறுக்கே பழுப்பு. சரியாகத் தேய்க்காத பிள்ளை என்று உன்னைத் திட்டினேன். கெட்டிப் பிரஷ் வாங்கி வந்து, பின்கட்டுத் தொட்டியருகே நிறுத்தி, என் கண்முன்னால் தேய்க்கச் சொன்னேன். நீ கொப்பளித்த தண்ணீர் சிவப்பாக விழுந்தது. அழவில்லை. 'இப்போ போயிடுச்சாப்பா?' என்று வாயைத் திறந்து காட்டினாய். அப்போதும் அந்தச் சீட்டு என் நினைவில் இருந்தது பாப்பா. மறந்துபோய்ச் செய்ததல்ல.

தம்பி பிறந்தபோது குழாய் வந்துவிட்டது. அவன் பல்லைப் பார்த்து நீ என்ன நினைத்திருப்பாய்? நான் ஒழுங்காகத் தேய்க்கவில்லை, அவன் தேய்க்கிறான் என்றா? வீடியோவில் குழந்தையைக் காட்டிச் சிரிக்கும்போது இன்றைக்கும் உன் கை வாய்க்குப் போகிறது.

போன வாரம் ஒன்று படித்தேன். 1901இல் ஃபிரெடரிக் மக்கே என்ற பல் டாக்டர் அமெரிக்காவில் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குத் தொழில் செய்யப் போனார். அங்கே ஊர் ஊராகப் பழுப்புப் பல். முப்பது வருஷம் காரணம் தேடினார். 1923இல் ஐடஹோவில் ஓக்லி என்ற சின்ன ஊருக்குப் போனார். புதுக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் பிள்ளைகள் பல்லில் கறை விழுகிறது என்று அங்கிருந்த பெற்றோர்கள் தாங்களாகவே சொன்னார்கள். அவர் தண்ணீரைச் சோதித்தார், ஒன்றும் பிடிபடவில்லை. இருந்தாலும் அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். மாறினார்கள். சில வருஷத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கறையில்லாத பல் முளைத்தது. காரணம் ஃபுளோரைடு என்று தெரிந்ததே 1931இல்தான். அவர்கள் கையில் சீட்டு இல்லை. சந்தேகம் ஒன்றுதான் இருந்தது. அதற்கே மாற்றிவிட்டார்கள்.

அந்தச் சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நீ தேய்க்காததால் வந்ததில்லை. ஒருநாளும் இல்லை.

குழந்தைக்கு முன்பல் இப்போதே ஈறுக்குள் உருவாக ஆரம்பித்திருக்கும். உங்கள் கிணற்றில் ஃபுளோரைடு இருந்தால், வீட்டு வாசலில் எவ்வளவு பெரிய ஃபில்டர் நின்றாலும் சரி, குடிக்கிற தண்ணீருக்குச் சமையலறையில் தனியாக ஆர்.ஓ. வை. பெரும்பகுதியை அது எடுத்துவிடும், நைட்ரேட்டையும் குறைக்கும். அலுமினா ஃபில்டரும் ஃபுளோரைடை எடுக்கும், ஆனால் நிறைந்துவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். நிறமும் மாறாது, ருசியும் மாறாது, தேதி வைத்து மாற்றினால்தான் உண்டு. எது வைத்தாலும் ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீரையும் பரிசோதி. வருஷத்துக்கு ஒருமுறை கிருமிப் பரிசோதனையும் செய்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. என்னோடு பேச வேண்டாம் என்றால் அம்மா நம்பருக்கே அனுப்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்.

அப்பா

பி.கு.: கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே பாட்டில் தரும். சுத்தமாக இருக்கட்டும் என்று அதைக் கழுவாதே, உள்ளே மருந்து போட்டிருப்பார்கள். மூடியின் உட்பக்கம் விரல் படக் கூடாது. குழாயை சில நிமிஷம் ஓடவிட்டுப் பிடி. குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடு. மறுநாளைக்கு வைக்காதே.