ஃபார்மலின் குப்பியில் தொடங்கும் வேலை

நாகர்கோவில்

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முட்டுவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது.

திசுவில் எந்த ஜீன் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்க்கும் உன் படிப்பை வைத்து, மூளைத் திசுவை வரைபடமாக்கும் குழுவில் சேர்வதா, வாய்ப்புற்றை ஆராயும் குழுவில் சேர்வதா என்று போனில் கேட்டாய். "நீங்க என்ன சொல்லுறீங்கம்மா" என்று நீ கேட்டது எனக்குப் பெரிய விஷயம். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். நீ வாய்ப்புற்றை எடு மக்களே. ஏன் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படி.

நீ அனுப்பிய கட்டுரைகளை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடங்களை எங்கள் லேப் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். என் வேலை உனக்குத் தெரியும். நோயாளியிடமிருந்து வெட்டிய பயாப்சித் துண்டு வரும், கெடாமல் இருக்க ஃபார்மலினில் ஊறும், பாரஃபின் மெழுகில் பதிந்து பிளாக் ஆகும். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் நாலைந்து மைக்ரான் கனத்தில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நாலைந்து பங்கு கனத்தில் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி ஸ்டெயின் போடுவோம். நியூக்ளியஸ் நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். அதில் டாக்டர்கள் என்றைக்கும் பார்த்து வந்தது இடத்தைத்தான். கெட்ட செல் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் அடிச்சவ்வைத் தாண்டிவிட்டதா, நோய் எதிர்ப்புச் செல்களான லிம்ஃபோசைட்டுகள் சுற்றி நிற்கின்றனவா, வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் ரிப்போர்ட் எழுதுவார்கள்.

பிறகு மரபணு ஆராய்ச்சி வந்தபோது திசுவை அரைத்து, வேலை செய்யும் ஜீனின் நகலான ஆர்என்ஏவை எடுத்தார்கள். எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரிந்தது, எங்கே என்பது போய்விட்டது. செல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் படித்தபோதும் அக்கம்பக்கம் தெரியாமலே இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயரெல்லாம் இருந்து, தெருவும் வீட்டு எண்ணும் அழிந்துபோனால் என்ன செய்ய முடியும்? யாருக்கும் யாருக்கும் உறவு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

அந்த வீட்டு எண்ணைத் திரும்பக் கொண்டுவந்தது நீ இப்போது இருக்கிற ஸ்டாக்ஹோம்தான் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்டால், லுண்டபெரி, ஃபிரிசேன் குழுவினர் 2016-ல் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ஸ்லைடு முழுக்க 100 மைக்ரான் புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் தனி பார்கோடு. மேலே வைத்த திசுவின் ஆர்என்ஏ நேர்கீழே இருக்கும் புள்ளியில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு அந்த ஆர்என்ஏவின் எழுத்து வரிசையைப் படிக்கும்போது ஜீனோடு இடமும் சேர்ந்து வருகிறது. விசியம் என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தபோது புள்ளி 55 மைக்ரானாகச் சிறுத்தது. இப்போது 2 மைக்ரான் கட்டம் வரை வந்துவிட்டார்கள். ஒரு லிம்ஃபோசைட்டே அதைவிடப் பெரியது! ஹார்வர்டில் சாவேய் ஷுவாங் குழு ஆர்என்ஏ மூலக்கூறுகளையே சுற்றுச் சுற்றாக ஒளிரவைத்துப் பார்ப்பதையும், ஸ்டான்ஃபோர்டில் கேரி நோலன் குழு ஒரே துண்டில் பல பத்துப் புரதங்களைப் பார்ப்பதையும் நீயே எனக்கு விளக்கியிருக்கிறாய்.

மார்பகப் புற்று பற்றிய 2018 கட்டுரை என்னைத் தூங்கவிடவில்லை. வழக்கமான மூன்று மருந்து இலக்குகளும் இல்லாத டிரிப்பிள் நெகட்டிவ் வகை நோயாளிகள் 41 பேரின் திசுவில் 36 புரதங்களை ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். சிலருக்கு நோய் எதிர்ப்புச் செல்கள் புற்றுச் செல்களோடு கலந்து கிடந்தன. சிலருக்கு இரண்டும் தனித்தனிப் பகுதியாகப் பிரிந்து நின்றன. கலந்திருந்தால்தானே சண்டை போட முடியும், அதுதான் நல்லது என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் பிரிந்து நின்றவர்களுக்குத்தான் ஆயுள் கூடுதலாக இருந்தது. எத்தனை செல் என்று எண்ணினால் மட்டும் இது தெரியவே தெரியாது. எத்தனையோ பெண்களின் பிளாக்கை இந்தக் கையால் சீவியிருக்கிறேன். ஒரே ரிப்போர்ட், ஒரே மருந்து. ஒருத்தி பிழைத்தாள், ஒருத்தி பிழைக்கவில்லை. காரணத்தில் ஒரு பங்கு அந்தத் துண்டிலேயே இருந்திருக்கலாம், அதைப் பார்க்கும் கண் அன்றைக்கு இல்லை.

புற்று மட்டும் இல்லை. வலிப்புக்கோ யூரிக் ஆசிடுக்கோ கொடுத்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல், வெந்த தோலைப்போல உடம்பெல்லாம் உரிந்துவிடும் பார், டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ் என்பார்கள். வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இறந்துபோகும் நோய். ஜெர்மனியில் மத்தியாஸ் மான் குழு, பாரஃபினில் சேமித்து வைத்திருந்த தோல் பயாப்சிகளை எடுத்து, வேண்டிய செல்களை மட்டும் லேசரால் வெட்டி, அவற்றின் புரதங்களை அளந்தது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரானும் ஜாக் என்ற சமிக்ஞைப் பாதையும் அளவு மீறி வேலை செய்வது தெரிந்தது. அதைத் தடுக்கும் மருந்து மூட்டுவாதத்துக்காக ஏற்கெனவே கடையில் இருக்கிறது. முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு 7 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள், ஏழு பேரும் குணமானார்கள். 2024-ல் வந்த கட்டுரை இது. ஏழு பேர் சிறிய எண்ணிக்கைதான், பெரிய சோதனை நடக்க வேண்டும். ஆனாலும் மெழுகில் உறைந்து கிடந்த பழைய துண்டிலிருந்து உயிரோடு இருக்கும் ஒருவருக்கு மருந்து வந்தது என்பதை என்னைப் போல வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய்க் கட்டிகளையும் இப்படி ஆராய்கிறார்கள் என்று படித்தேன். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம்.

இப்போது வாய்ப்புற்றுக்கு வருகிறேன். நம் ஊரில் குளச்சல், முட்டம் கடற்கரையிலும், குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடமும் வெற்றிலை போடும் பழக்கம் எப்படி என்று நீ பார்த்து வளர்ந்தவள். பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே உறுதி செய்தது. புகையிலை சேராவிட்டாலும் அது கேடுதான். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் படிந்து, வாய் பைய பைய மூடிக்கொண்டு வரும். சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். இரண்டு விரல் நுழையாத வாயோடு வருவார்கள், சோற்றை நசுக்கித் தள்ள வேண்டியிருக்கும். அவர்களில் சிலருக்கு மட்டும் அது புற்றாகிறது. யாருக்கு ஆகும், எந்த ஓரத்தில் முதலில் தொடங்கும்? நார்ச் செல்லும் அதன் மேலே இருக்கும் தோல் செல்லும் ஒன்றுக்கொன்று என்ன சொல்லிக்கொள்கின்றன? இடம் தெரியாமல் இந்தக் கேள்விகளுக்குப் பதிலே கிடைக்காது. நீ படித்த படிப்பு இதற்காகவே வந்ததுபோல எனக்குத் தோன்றுகிறது.

கனடாவில் கல்கரி பல்கலைக்கழகத்தார் 2023-ல் வாய்ப்புற்றின் நடுப்பகுதியையும் முன்னேறும் ஓரத்தையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். நடுப்பகுதியின் குணம் அந்தந்த உறுப்பைப் பொறுத்து மாறுகிறது, ஓரத்தின் குணம் பல வகைப் புற்றுகளிலும் ஒத்துப்போகிறது, அந்த ஓரக் குணம் மிகுந்தால் நோயாளிக்கு ஆபத்து அதிகம் என்கிறார்கள். அருமையான வேலை. அதை நம் வெற்றிலை பாக்கு வாய்களிலும் பார்க்க வேண்டும். அங்கே பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும் காரணம், இங்கே காரணம் வேறு. பக்கத்தில் நெய்யூரில் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் வந்து தங்கி அறுவை சிகிச்சை செய்தபோது, தெற்குத் திருவிதாங்கூர்க்காரர்களுக்கு ஏன் இவ்வளவு குடல்புண் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஊருக்கென்று ஒரு நோய் இருந்தால் ஊர்க்காரர்கள் அந்தக் கேள்வியை விடக் கூடாது.

இன்னொன்று, என் தொழில் சார்ந்தது. சில மாதிரிகளில் ஆர்என்ஏ சிதைந்துபோய் ஒதுக்க வேண்டியிருந்தது என்றாய். அது உன் கம்ப்யூட்டரில் கெட்டது இல்லை, குப்பியில் கெட்டது. வெட்டிய துண்டு ஃபார்மலினில் விழ எவ்வளவு நேரமானது, ஃபார்மலின் அமிலமாகாமல் பஃபர் செய்ததா, துண்டைப்போல பத்து மடங்கு இருந்ததா, எத்தனை மணி நேரம் ஊறியது, இதெல்லாம் உன் தரவோடு கூடவே வர வேண்டும். எங்கள் லேபுக்கு வெளியிலிருந்து வரும் பயாப்சிகளில் சில வெறும் சலைனில் கிடந்து வந்திருக்கின்றன. துண்டு மூழ்காத அளவுக்கு ஃபார்மலின் ஊற்றியும் வந்திருக்கின்றன. அந்த நோயாளிக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியதாகும். எனக்கு வரும் கோபத்தைச் சொல்ல முடியாது. இவ்வளவு விலையுயர்ந்த வரைபடம் ஒரு நர்சின் கையில், ஒரு சின்னக் குப்பியில்தான் தொடங்குகிறது என்பதை உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லு.

தெரிந்தவர்கள் "ஜெனி கண்டுபிடிக்கிற மருந்து எப்போ வரும்" என்று கேட்கிறார்கள். இது இன்னும் ஆராய்ச்சிக் கூடத்துக் கருவிதான், திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்குப் போகிற நம் ஆட்களின் கைக்கு வர நாளாகும் என்று சொல்லுகிறேன். பொய் நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் வரும் என்றும் சொல்லுகிறேன்.

நீ அந்தக் குழுவில் சேர்ந்தால் உன் பேராசிரியரிடம் ஒன்று கேள். இந்தியாவில் யாராவது பல் மருத்துவக் கல்லூரியோ புற்றுநோய் மருத்துவமனையோ சேர்ந்து செய்ய முன்வந்தால் ஒத்துக்கொள்வாரா? நோயாளியின் ஒப்புதலும் எத்திக்ஸ் கமிட்டியின் அனுமதியும் அரசு அனுமதியும் இல்லாமல் ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. அதில் நீ உறுதியாக இரு. முடிந்தால் வேலையை இங்கேயே செய்யும்படி பார்.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது உங்கள் லேபில் பிளாக்கை எப்படிச் சீவ வேண்டும் என்று எழுதி வைத்திருக்கும் தாளை எடுத்து வா. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். டிவி200, அதாவது 200 எழுத்துக்கு மேல் நீளமாக மிஞ்சியிருக்கும் ஆர்என்ஏ துண்டுகளின் சதவீதம், குறைந்தது எவ்வளவு இருந்தால் எடுத்துக்கொள்வீர்கள் என்பதையும் எழுது. எங்கள் பழைய பிளாக்குகளில் எத்தனை தேறும் என்று டாக்டரம்மா கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா